அடுப்பை அணைக்கச் சொல்வதற்கு முன்: ஒரு புகை வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் வீட்டு மேசை லாச்சியில் ஒரு கடிதம் கிடக்கிறது. பிரதேச சபைக்கு என்று எழுதிய முறைப்பாடு. திகதி போட்டு, கையொப்பமும் வைத்தாயிற்று. கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

பக்கத்து வீட்டு ராத்தா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். மூன்று பிள்ளைகள், கணவர் மௌத்தாகிவிட்டார். அதிகாலை மூன்றரை மணிக்கு அடுப்பு மூட்டுவார். சுபஹ் தொழுகைக்கு நாங்கள் எழும்பும்போது அவர் பாதி வேலையை முடித்திருப்பார். முன்னர் கேஸில் அவித்தார். 2022இல் விறகுக்கு மாறியவர், பிறகு கேஸுக்குத் திரும்பவே இல்லை.

பிலிமத்தலாவையில் மார்கழி, தை மாதத்துக் காலைகள் எப்படி இருக்கும் என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். பனி இறங்கிவிட்டால் புகை மேலே போகாது. கூரை மட்டத்திலேயே படுத்துக்கொள்ளும். இறப்பர் விறகு ஈரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். எங்கள் உம்மாவின் அறை யன்னல் அந்தக் குசினிப் பக்கமாகத்தான் இருக்கிறது. உம்மாவுக்கு வயது அறுபத்தெட்டு. நாலு மணிக்கெல்லாம் இளைக்கத் தொடங்கும். ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் யாராவது சிகரட் குடிப்பார்களா?" என்பது. யாரும் இல்லை. இரண்டாவது கேள்வி, "உம்மா எத்தனை வருசம் விறகு அடுப்பில் சமைத்தவர்?" நாற்பது வருசத்துக்கு மேல்.

அன்று பின்னேரம்தான் அந்தக் கடிதத்தை எழுதினோம்.

அடுத்த வாரம் எட்டாம் தரத்தில் ஒரு பிள்ளை கேட்ட கேள்வி எங்களை நிறுத்திவிட்டது. 2022 டிசம்பரில் காற்று கெட்டுப்போய்ப் பாடசாலை மூடியது பற்றிப் பேச்சு வந்தது. பிள்ளை எழும்பி, "டீச்சர், அப்படியான நாள்ல எல்லாரும் வீட்டுல அடுப்பு மூட்டாட்டி நல்லந்தானே? அரசாங்கம் ஏன் அப்படி ஒரு சட்டம் போடல்ல?" என்றது.

நல்ல கேள்வி. உடனே பதில் சொல்ல வரவில்லை. நாங்கள் வரலாறு படிப்பிக்கிறவர்கள். கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித்தந்த ஒரு விடயம், பிள்ளையின் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் பிள்ளையோடு சேர்ந்து தேடு என்பது. தேடினோம். கிடைத்ததை உங்களோடும் பகிர்கிறோம்.

முதலில் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே தொடங்குவோம்.

1660இல் திருகோணமலைப் பக்கம் கொட்டியார் குடாவில் பிடிபட்ட ஆங்கிலேய மாலுமிகளில் ஒருவர் ரொபர்ட் நொக்ஸ். இரண்டாம் இராஜசிங்கனின் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 20 வருடம் சிறைக்கூடம் இல்லாத கைதியாக வாழ்ந்தார். அதில் கடைசிக் காலத்தைக் கழித்த இடம் உடுநுவரையில் உள்ள எலதெத்த. எங்களுக்கு அயல் ஊர் என்றே சொல்லலாம். 1679இல் தப்பி அரிப்புக் கோட்டையில் ஒல்லாந்தரிடம் சேர்ந்தார். 1681இல் லண்டனில் அவருடைய நூல் வெளிவந்தது.

அந்த நூலில் நம் பக்கத்து வீடுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். சிறிய, பதிந்த வீடுகள். கம்பு நட்டு மண் பூசிய சுவர், மேலே வேய்ந்த கூரை. புகைபோக்கி கிடையாது. ஒரு மூலையில் நெருப்பு மூட்டுவார்கள், அதனால் கூரையின் உட்பக்கம் முழுவதும் புகை பிடித்துக் கறுத்துப்போயிருக்கும் என்கிறார். இன்னொன்றும் சொல்கிறார். சாதாரண மக்கள் மாடி கட்டக் கூடாது, ஓடு போடக் கூடாது, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கக் கூடாது. இவை அரசனின் தடைகள்.

கவனித்தீர்களா? குடிமகனின் கூரையில் எது இருக்கலாம், சுவரின் நிறம் எதுவாக இருக்கலாம் என்பதுவரை அரசன் கட்டளை இட்டிருக்கிறான். அந்தக் கூரைக்குக் கீழே எரிந்த அடுப்பைப் பற்றி ஒரு கட்டளையும் இல்லை. புகைக்குப் பயனும் இருந்தது. அடுப்புக்கு மேலே கட்டிய பரணில்தான் கொறுக்காயும் விதை நெல்லும் காய்ந்தன. அந்தப் பரணைச் சிங்களத்தில் தும் மெஸ்ஸ என்பார்கள். எங்கள் மூத்தம்மா வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. புகை பூச்சியை விரட்டும், கூரையைக் காக்கும் என்றுதான் அந்தத் தலைமுறை நம்பியது. அது பொய்யும் இல்லை. அந்தப் புகையை மூச்சாக இழுத்தவளைப் பற்றித்தான் பேச்சு இல்லை.

நொக்ஸ் பிடிபட்டதற்கு அடுத்த வருடம், 1661இல், அவருடைய சொந்த நகரமான லண்டனில் ஜோன் ஈவ்லின் என்பவர் புகையைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதி மன்னர் இரண்டாம் சார்ள்ஸிடம் கொடுத்தார். லண்டன் நிலக்கரிப் புகையில் மூழ்குகிறது, ஆலயத்துக்குள் போதகரின் குரலைவிட இருமல் சத்தம்தான் கேட்கிறது என்பது அவருடைய கவலை. தீர்வு என்ன? மது வடிப்போர், சாயம் போடுவோர், சுண்ணாம்பு சுடுவோர், சவர்க்காரம் காய்ச்சுவோர் ஆகியோரின் சூளைகளை நகருக்கு வெளியே அனுப்ப வேண்டும் என்றார். வீட்டுச் சமையல் நெருப்பை அவர் குற்றவாளியாகப் பார்க்கவில்லை. அது சிறிய நெருப்பு, புகை தானாகக் கலைந்துவிடும் என்று விட்டுவிட்டார்.

அவருக்கு முன்னர் 1307இல் முதலாம் எட்வர்ட் மன்னரும் லண்டனில் சுண்ணாம்புச் சூளைக்காரர் கடற்கரி எரிக்கக் கூடாது என்று அறிவித்திருந்தார். பழையபடி விறகையும் மரக்கரியையும் எரியுங்கள் என்பதே கட்டளை. அன்றைக்கு விறகுதான் 'சுத்தமான' எரிபொருள்!

ஏறத்தாழ அதே காலத்தில் வட ஆபிரிக்காவின் துனிஸ் நகரில் இப்னு அர்-ராமி என்ற ஒருவர் இருந்தார். தொழிலால் அவர் கட்டடக்காரர். கட்டட வழக்குகளில் காதிக்கு நிபுணராக நின்று ஆலோசனை சொன்னவர். சுவர், யன்னல், வடிகால், அயலவன் உரிமை ஆகியவை பற்றி மாலிகி மத்ஹபின் சட்டங்களைத் திரட்டி ஒரு நூல் எழுதினார். அதில் புகையை இரண்டாகப் பிரிக்கிறார். ஹம்மாம் என்ற பொதுக் குளியல் கூடத்தின் புகை, ரொட்டிப் போறணையின் புகை: இவை அயலவனைத் துன்புறுத்தினால் தடுக்கப்படும். வீட்டுச் சமையல் புகை: தடுக்கப்படாது. ஏனென்றால் அது இல்லாமல் வாழ்க்கை இல்லை.

பின்னர் 1869 முதல் 1876 வரை உதுமானிய ஆட்சியில் தொகுக்கப்பட்ட மஜல்லா என்ற சிவில் சட்டத் தொகுப்பிலும் இதே பாதை தெரிகிறது. அதன் 1200ஆம் பிரிவு, அயலவனுக்கு மிதமிஞ்சிய தீங்கு வந்தால் அது எப்படியாவது நீக்கப்பட வேண்டும் என்கிறது. உதாரணங்களில் கொல்லன் பட்டறை இருக்கிறது. பக்கத்து வீட்டில் இருக்கவே முடியாத அளவுக்குப் புகை தரும் போறணையும் இருக்கிறது.

லண்டன் எழுத்தாளரும் துனிஸ் கட்டடக்காரரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ஆனாலும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். தொழில் நெருப்பை நிறுத்தலாம், சோற்று நெருப்பை நிறுத்தக் கூடாது.

இதை வாசித்தபோது எங்களுக்கு ராத்தாவின் அடுப்பு நினைவுக்கு வந்தது. அது எந்த நெருப்பு? கடைக்குப் போகும் இடியப்பம் என்றால் தொழில். அந்தக் காசில்தான் பிள்ளைகளின் சோறு என்றால் சமையல். இப்னு அர்-ராமியிடம் இந்த வழக்கைக் கொண்டுபோயிருந்தால் அவரும் கொஞ்சம் யோசித்திருப்பார்.

வீட்டு நெருப்பின் மீது சட்டம் உண்மையாகக் கைவைத்தது நம் தாத்தாமார் காலத்தில்தான். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனில் காற்று அசையாமல் நின்றது. கீழே குளிர்ந்த காற்று, அதற்கு மேலே சூடான காற்று ஒரு மூடிபோல. நம் ஊரில் பனிக் காலையில் நடப்பதும் இதுவே. கண்டி நகரம் மலைகளுக்கு நடுவில் ஒரு கிண்ணம்போல இருப்பதால் அங்கே இன்னும் மோசம். லண்டனில் அந்த ஐந்து நாளும் இலட்சக்கணக்கான வீடுகளின் கணப்படுப்புகள் நிலக்கரி எரித்தன. ஆரம்பத்தில் 4,000 பேர் இறந்ததாகக் கணக்கிட்டார்கள். பிந்திய ஆய்வுகள் 12,000 வரை போகின்றன.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு சின்ன விடயம் உண்டு. யுத்தம் முடிந்து கடனில் கிடந்த பிரித்தானியா, நல்ல நிலக்கரியை வெளிநாட்டுக்கு விற்று அந்நியச் செலாவணி தேடியது. உள்ளூர் வீடுகளில் நிலக்கரிக்குப் பங்கீடு. 1952 டிசம்பர் 1ஆம் திகதி, தூளும் துண்டும் கலந்த மட்டமான கரியை மட்டும் பங்கீடு இல்லாமல் வாங்கலாம் என்று அனுமதித்தார்கள். நாலு நாளில் புகைமூட்டம். டொலர் இல்லாத நாட்டில் ஏழை வீட்டு அடுப்புக்கு என்ன நடக்கும் என்பது நமக்குப் புதுக் கதையா?

1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. அதன்படி உள்ளூராட்சி மன்றங்கள் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளை அறிவிக்கலாம். அந்தப் பகுதியில் வீட்டுப் புகைபோக்கியிலிருந்து புகை வருவதே குற்றம். பழைய உரிமை ஒன்று அதோடு முடிந்தது என்று பலர் கோபப்பட்டார்கள். ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு ஏற்பாடு இருந்தது. பழைய கணப்படுப்பை மாற்றும் நியாயமான செலவில் பத்தில் ஏழு பங்கைப் பொதுப் பணத்திலிருந்து திருப்பிக் கொடுக்க வேண்டும். மின்சாரமும் எரிவாயுவும் புகையில்லாக் கரியும் வீட்டு வாசலுக்கு வந்தன. தடையும் காசும் ஒரே தாளில் எழுதப்பட்டிருந்தன.

விறகைப் பற்றிய தடைகள் இன்னும் பிந்தியவை. கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் 2008 ஜூலையில் ஒரு விதி கொண்டுவந்தார்கள். குளிர்காலத்தில் காற்று கெடும் என்று முன்னறிவிப்பு வந்தால், அந்த நாளில் வீட்டில் விறகு எரிக்கக் கூடாது. நம் வகுப்புப் பிள்ளை கேட்ட சட்டம் கிட்டத்தட்ட இதுதான். ஆனால் வீட்டைச் சூடாக்க விறகைத் தவிர வேறு வழியே இல்லாதவர்களுக்கு விலக்கு வைத்தார்கள். அங்கே பெரும்பாலானவர்களுக்கு விறகு மாலை நேரத்து அழகுக்குத்தான். சமையல் வேறு அடுப்பில்.

போலந்தின் கிராக்கோவ் நகரம் இன்னும் தூரம் போனது. 2019 செப்டெம்பர் 1 முதல் வீட்டு அடுப்புகளில் நிலக்கரியும் கூடாது, விறகும் கூடாது. நாள் பார்த்து அல்ல, வருடம் முழுவதும். அதற்கு முந்திய வருடங்களில் பழைய அடுப்புகளைக் கழற்றிப் புதியவை பூட்ட நகரமே பணம் கொடுத்தது. புதிய எரிபொருளின் மேலதிகச் செலவைத் தாங்க முடியாத வறிய வீடுகளுக்குத் தனியாக உதவியும் கொடுத்தது.

ஆக, தடை பலித்த இடங்களில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலில் மாற்று அடுப்பு, அல்லது அதற்கான காசு. பிறகுதான் தடை. மாற்று இல்லாதவனுக்கு விலக்கு.

இதோடு பதிவை முடித்திருந்தால் ராத்தாவுக்குச் சாதகமாக முடிந்திருக்கும். ஆனால் விலக்கு என்பதிலும் ஒரு அநியாயம் ஒளிந்திருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வீட்டுச் சமையல் நெருப்பைத் தொடாதே என்று துனிஸும் லண்டனும் சொன்னது இரக்கத்தினால்தான். ஆனால் தொடாதே என்று சொன்னதும் யாரும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போகும் புகையை அளந்தார்கள். குசினிக்குள் நின்றவளின் நெஞ்சுக்குள் போன புகையை அளக்கவில்லை. அதை முறையாக அளந்தது 1980களின் தொடக்கத்தில்தான். கேர்க் ஸ்மித் என்ற அமெரிக்க ஆய்வாளரும் இந்திய ஆய்வாளர்களும் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் உடம்பிலேயே அளவுக் கருவியைக் கட்டிவிட்டு, அவர்கள் மூச்சில் இழுக்கும் தூசியை அளந்தார்கள். 1983இல் அந்த முடிவுகள் வெளிவந்தன. நகரத்துத் தெருப் புகையைவிடப் பல மடங்கு மோசமான காற்றில் அந்தப் பெண்கள் தினமும் நின்றிருந்தார்கள்.

உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஒரு கணக்கு இது: வீட்டுக்குள் எரியும் விறகு, கரி, சாணம், மண்ணெண்ணெய் போன்றவற்றின் புகையால் 2020இல் இறந்தவர்கள் ஏறத்தாழ 32 இலட்சம். அதில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். புகையில் வரும் 2.5 மைக்ரோனுக்குக் குறைந்த துகள் தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. மூக்கு அதைத் தடுக்காது. நேரே நுரையீரலின் அடிக்குப் போகும்.

நம் நாட்டில் அடுப்பைத் திருத்த யாரும் முயலவில்லையா? முயன்றார்கள். தென்னிந்தியாவில் எஸ்.பி. ராஜு என்ற பொறியியலாளர் ஹைதராபாத்தில் புகையில்லா அடுப்பு ஒன்றை அமைத்து, 1953இலேயே அதைப் பற்றி நூல் எழுதினார். இலங்கையில் 1970களின் எண்ணெய் விலையேற்றத்துக்குப் பிறகு வேலை தொடங்கியது. சர்வோதய இயக்கமும் பிரித்தானியாவின் இடைநிலைத் தொழில்நுட்ப அபிவிருத்திக் குழுவும் சேர்ந்து களிமண் அடுப்புகளைச் சோதித்தன. 1980களில் இலங்கை மின்சார சபையின் விறகுச் சேமிப்புத் திட்டம் வந்தது. அவற்றின் தொடர்ச்சியாக வந்ததுதான் 'அனகி' அடுப்பு. சிங்களத்தில் அருமையானது, பெறுமதியானது என்று பொருள். குயவர்கள் வனைந்து 1990களில் கடைகளுக்கு வந்தது. முன்னால் விறகு வைக்க ஒரே வாய், மேலே இரண்டு பானை வைக்கலாம். உங்களில் பலருடைய வீட்டில் இன்னும் இருக்கும்.

அனகி நல்ல அடுப்பு. விறகு மிச்சம், சமையல் வேகம். ஆனால் அது பிறந்த காலத்தின் கேள்வி காட்டைப் பற்றியது. எத்தனை விறகு மிச்சமாகும் என்று கேட்டார்கள். புகை கொஞ்சம் குறைந்தது என்பது கூடவே கிடைத்த இலாபம். அதற்குப் புகைபோக்கி இல்லை. சமைப்பவளின் நெஞ்சு இரண்டாம் இடத்தில்தான் இருந்தது.

2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 100 வீடுகளில் ஏறத்தாழ 78 வீடுகளில் பிரதான சமையல் எரிபொருள் விறகு. கண்டி வீதியோரத்தில் கேஸ் சிலிண்டரை அடுக்கி வைத்திருக்கும் கடைகளைப் பார்த்து, எல்லாரும் மாறிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அப்படி இல்லை. இருந்தாலும் வருடத்துக்கு வருடம் கேஸ் வீடுகள் கூடிக்கொண்டுதான் வந்தன.

பிறகு 2021 வந்தது. ஒக்டோபர் வரை 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர் 2,675 ரூபாவானது. நவம்பர், டிசம்பரில் நாடெங்கும் கேஸ் அடுப்புகள் வெடித்தன. 2022 ஏப்ரலில் சிலிண்டர் 4,860 ரூபா. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. வெறும் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி வரிசையில் வைத்துவிட்டுப் பாடசாலைக்குப் போனது நமக்கு மறக்குமா? மார்ச் மாதக் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே தாவல். அதே மாதம் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடியது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம்.

கேஸ் கதவு, மண்ணெண்ணெய்க் கதவு, மின்சாரக் கதவு மூன்றும் ஒரே வருடத்தில் சாத்தப்பட்டன. திறந்திருந்தது விறகுக் கதவு மட்டும். மேல் மாடியில் இருந்தவர்கள்கூடப் பல்கனியில் கல் வைத்து நெருப்பு மூட்டினார்கள். நாங்களும் பழைய அனகியைத் தூசி தட்டி எடுத்தோம். உம்மாதான் எங்களுக்கு ஊதுகுழல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அப்போது யாரும் அவருடைய நெஞ்சைப் பற்றி நினைக்கவில்லை. நாங்களும்தான்.

அந்த வருடத்தின் கடைசியில், டிசம்பர் 8ஆம் திகதி, வானம் சாம்பல் நிறமானது. வங்கக் கடலில் 'மண்டூஸ்' புயல். இந்தியப் பக்கமிருந்து காற்றோடு தூசியும் புகையும் வந்தன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை அரச பாடசாலைகள் எல்லாம் மூடப்பட்டன. முகக்கவசம் போடுங்கள், வெளியே போகாதீர்கள் என்றார்கள்.

பிள்ளைகளை வீட்டுக்குள் இருக்கச் சொன்னோம். வீட்டுக்குள் என்ன இருந்தது? அந்த வருடம் முழுவதும் எரிந்த விறகு அடுப்பு. வெளிக் காற்றுக்கு நம்மிடம் சட்டம் இருக்கிறது. 2008 ஆகஸ்டில் வர்த்தமானியில் வந்த தராதரப்படி 24 மணித்தியாலத்துக்கு நுண்துகள் ஒரு கன மீற்றரில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவு 15. இரண்டும் வெளியில் அளப்பது. ராத்தாவின் குசினிக்குள் மூன்றரை மணிக்கு எவ்வளவு என்று அளக்க யாரும் வரவில்லை.

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். அரசாங்கம் ஏன் அடுப்பு மூட்டாதே என்று சட்டம் போடவில்லை?

நாங்கள் வகுப்பில் சொன்ன பதில் இது. மகள், 2022 டிசம்பரில் அப்படி ஒரு சட்டம் வந்திருந்தால் அன்றைக்கு நாட்டில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் சோறு இல்லை. கேஸைக் கொடுக்க முடியாத அரசுக்கு விறகை நிறுத்தச் சொல்ல வாய் இல்லை. ஆனால் அதனால் புகை ஹலாலாகிவிடாது. புகை உன்னுடைய நெஞ்சையும் உன் உம்மாவின் நெஞ்சையும் கேட்டுக்கொண்டு உள்ளே போவதில்லை. அடுப்பை அப்படியே விட்டுவிடுவதும் பதில் இல்லை. அடுப்பை மாற்றிக் கொடுப்பதுதான் பதில். மாற்றிக் கொடுத்த பிறகு கெட்ட காற்று நாளில் நிறுத்தச் சொன்னால் நியாயம்.

அதுவரை கெட்ட காற்று நாளில் எதையும் நிறுத்தக் கூடாதா? நிறுத்தலாம். நிறுத்த வேண்டிய வரிசை ஒன்று இருக்கிறது. அதைப் பழையவர்களே சொல்லிவிட்டார்கள்: சோறு வேகாத நெருப்பிலிருந்து தொடங்கு.

நம் ஊரில் சருகும் பிளாஸ்டிக்கும் சேர்த்துக் கூட்டி எரிக்கிறோம். அந்த நெருப்பில் யாருக்கும் சோறு வேகுவதில்லை. அதை முதலில் நிறுத்தலாம், இன்றைக்கே. பாடசாலை வளவில் சிரமதானம் முடிந்ததும் குப்பைக்கு நெருப்பு வைக்கும் பழக்கத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். அடுத்து விறகில் ஓடும் பேக்கரிப் போறணைகளும் பெரிய ஹோட்டல் குசினிகளும். அவர்களுக்கு மாற வசதி இருக்கிறது, மாறக் கடனும் கிடைக்கும். கல்யாண வீட்டுச் சஹன் சோற்றுக்கு எரியும் பெரிய அடுப்புகளையும் அப்படியான நாளில் கேஸுக்கு மாற்றலாம். வாகனப் புகையைச் சொல்லவே தேவையில்லை, கண்டி வீதியில் பஸ்ஸுக்குப் பின்னால் நின்றவர்களுக்குத் தெரியும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் வீட்டு அடுப்பின் முறை. அப்போதும் தட்டுகிற கை வெறுங்கையாக இருக்கக் கூடாது.

எங்கள் கடிதத்தின் கதை மீதி இருக்கிறது.

ஒரு அஸருக்குப் பிறகு நாங்கள் ராத்தாவிடம் போனோம். முறைப்பாட்டைப் பற்றிச் சொல்லவில்லை. உம்மாவுக்கு இளைப்பு என்று மட்டும் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கும் ஒரு வருசமா இருமல் நிக்கிதில்ல டீச்சர். யாருக்குச் சொல்ற?" என்றார். அப்போதுதான் அந்தக் குசினிக்குள் முதல்தடவையாகப் போனோம். சுவர் கறுப்பு, கூரைத் தகரம் கறுப்பு. நொக்ஸ் எழுதியதுபோலவே. முந்நூற்று நாற்பது வருடம் கழித்து.

கணக்குப் போட்டோம். இடியப்பத்தில் அவருக்கு மிஞ்சும் காசில் முழுவதும் கேஸுக்கு மாறினால் பிள்ளையின் டியூஷன் நிற்கும். அதனால் பெரிய தீர்வு ஒன்றும் கிடைக்கவில்லை. சிறிய வேலைகள் செய்தோம். மேசன் பாஸ் ஒருவரைப் பிடித்து அடுப்புக்கு மேலே கூண்டு கட்டி, கூரை முகட்டுக்கு மேலால் போகும்படி புகைபோக்கிக் குழாய் ஒன்று வைத்தோம். பதிவாக வைத்தால் புகை நேரே எங்கள் யன்னலுக்குத்தான் வரும், அதனால் உயரம் முக்கியம். செலவை மூன்று வீடுகள் பங்கு போட்டன. விறகு நனையாமல் அடுக்க எங்கள் கராஜின் ஒரு மூலையைக் கொடுத்தோம். காய்ந்த விறகில் புகை எவ்வளவு குறைகிறது என்பது கண்ணுக்கே தெரிகிறது. காற்று மிக மோசம் என்று அறிவித்தல் வரும் நாட்களில் எங்கள் இரண்டாவது சிலிண்டர் அவருடைய குசினிக்குப் போகும். வருடத்தில் சில நாட்கள்தான், எங்களுக்கு அது பெரிய பாரம் இல்லை.

புகை நின்றுவிட்டதா? இல்லை. குறைந்திருக்கிறது. உம்மாவுக்கு இன்னும் இளைக்கிறது, நாற்பது வருடப் புகையைப் புகைபோக்கி திருப்பி எடுக்காது. ராத்தாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம், இப்போது அவரும் இன்ஹேலர் பாவிக்கிறார்.

கடிதம் லாச்சியில்தான் கிடக்கிறது. அதைக் கிழிக்கவில்லை. முகவரியையும் விடயத்தையும் மாற்றி எழுத வேண்டும் என்று நினைக்கிறோம். விறகில் தொழில் செய்யும் பெண்களுக்குப் புகைபோக்கி வைக்கவும் கேஸுக்கு மாறவும் ஏதாவது உதவித் திட்டம் தாருங்கள் என்று. உங்கள் ஊரிலும் இடியப்பம் அவிக்கும், அப்பம் சுடும், வட்டிலப்பம் செய்யும் ராத்தாமார் இருப்பார்கள். அவர்களுடைய குசினிக்குள் ஒருதரம் போய்ப் பாருங்கள். எத்தனை பேர் என்று கமென்டில் எழுதுங்கள். எண்ணிக்கை சேர்ந்தால் கடிதத்தை எல்லோருமாகச் சேர்ந்தே கொடுக்கலாம், இன்ஷா அல்லாஹ்.

வீட்டில் விறகு அடுப்பு இருந்தால், நாளைக்குச் சமைக்கும்போது யன்னலையும் கதவையும் திறந்து வையுங்கள். சின்னப் பிள்ளையை அடுப்படியில் தூங்க வைக்காதீர்கள். உம்மாவிடம் எத்தனை வருசம் விறகில் சமைத்தார் என்று ஒருதரம் கேளுங்கள்.